94 கட்-ஆஃபுக்கு ஒரு கணக்கு டியூஷன்

சென்னிமலையில் தமிழ்வழியில் படித்து, 200-க்கு 94 கட்-ஆஃபோடு 2024-ல் இன்ஜினியரிங் சேர்ந்தவள் நான். என்னைப் போல வந்தவர்களுக்குத்தான் இந்த விமர்சனம். 180, 190 எடுத்தவர்கள் அப்படியே தாண்டிப் போகலாம்.

ஈரோடு பெருந்துறை ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடக்கும் டியூஷன். பாலிடெக்னிக்கில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் நடத்துகிறார். முதல் செமஸ்டர் கணக்குக்கு 3,000 ரூபாய், இரண்டு தவணை.

மேட்ரிக்ஸில் வரும் ஐகன் வேல்யூ புரியவில்லை என்றுதான் போனேன். அவர் கேட்டது வேறு: "ஏங்கண்ணு, பதினொண்ணாவது கணக்கை முழுசா நடத்துனாங்களா, பாஸ் ஆகற அளவுக்கு மட்டும் நடத்தீட்டுப் பன்னெண்டுக்குத் தாவீட்டாங்களா?"

தாவித்தான் விட்டார்கள். கட்-ஆஃபுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் மட்டும்தானே! ஆனால் டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன் எல்லாம் தொடங்குவது +1 புத்தகத்தில். எங்களுக்கு வந்த அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்டத்தில், முதல் கணக்குத் தாளே 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்', ஐந்து யூனிட்டில் நான்கு கால்குலஸ். கல்லூரி தொடக்கத்தில் நடத்திய பிரிட்ஜ் கோர்ஸில் இதை யாரும் விசாரிக்கவில்லை. யோகா இருந்தது, தன்னம்பிக்கைப் பேச்சு இருந்தது, கணக்குக்கு வேகமாக ஓடும் ஸ்லைடு இருந்தது.

ஐயா பழைய +1 புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி அங்கிருந்தே ஆரம்பித்தார். தமிழில் விளக்கிவிட்டு, பரீட்சையில் எழுத வேண்டிய வரியை ஆங்கிலத்தில் போர்டில் போடுவார். அப்புறம், கட்-ஆஃப் எவ்வளவு என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை. ஹாஸ்டலில் அதுதான் முதல் கேள்வி, பதில் சொன்னதும் "மேனேஜ்மென்ட் சீட்டா?" என்பது இரண்டாவது. கடைசி ரவுண்டு கவுன்சலிங் என்றால் நம்ப மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. ஒரே ஃபேன். பாத்ரூமுக்குக் கீழே பேக்கரிக்குத்தான் போக வேண்டும். வகுப்பு இழுத்துக்கொண்டே போவதால், வெளியூர்ப் பிள்ளைகள் பாதிக் கணக்கில் எழுந்து பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஏழு மணிக்கு முடித்தால் என்னவாம்?

எங்கள் ரெகுலேஷனில் கல்லூரியே போடும் இன்டர்னலுக்கு 40 மார்க் என்று அசந்துவிடாதீர்கள். செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். எனக்குக் கணக்கு கிளியர் ஆகிவிட்டது. கெமிஸ்ட்ரி அரியர், ஐயா கெமிஸ்ட்ரி எடுப்பதில்லை.

கல்லூரி திறந்த கையோடு போய்ச் சேருங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் முக்கிய வினா கேட்டுப் போனால், மாடிப்படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.