ஆன்லைன் கல்விப் புள்ளிவிவரங்கள்: எக்செல்லோடு ஐந்து வருடம்

ஆன்லைனில் படிக்கச் சேருகிறவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஐந்து வருடத்துக்கு முன்பு எக்செல்லைத் திறந்தேன். அப்போது புரோகிராம் எழுதத் தெரியாது. இன்றும் என் வேலையில் பெரும்பகுதி எக்செல்லிலும், அதைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும்தான் ஓடுகிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் காட்டுவது பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி வெளியிட்டிருக்கும் ஓயுஎல்ஏடி என்ற தரவுத் தொகுப்பு. 2013, 2014-ல் 7 பாடங்களில் படித்தவர்களின் விவரம், பெயர் இல்லாமல், 7 சிஎஸ்வி கோப்புகளாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்புகள்) இலவசமாகக் கிடைக்கிறது. மாணவர் விவரக் கோப்பில் 32,593 வரிகள். வரிகளை வகைவாரியாக எண்ணித் தரும் பைவட் டேபிள் போட்டதும் 10,156 விலகல்கள் என்று வந்தது, நூற்றுக்கு 31. அப்புறம் பாடவாரியாகப் பிரித்தேன். சிசிசி என்று குறியிட்ட பாடத்தில் 4,434-க்கு 1,975 விலகல். ஜிஜிஜி பாடத்தில் 2,534-க்கு வெறும் 292. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் 45 சதவீதமும் இருக்கிறது, 12-க்குக் குறைவாகவும் இருக்கிறது. ஆன்லைன் கல்வி முழுவதற்கும் ஒரே விலகல் சதவீதம் சொல்லும் செய்திகளை அன்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வதில்லை.

நான் பட்ட பெரிய அடி விலுக்அப்பில், அதாவது ஒரு பட்டியலில் இருக்கும் விவரத்தைத் தேடி இன்னொன்றுக்குக் கொண்டுவரும் எக்செல் சூத்திரத்தில். விலகிய நாள் வேறு கோப்பில் இருக்கிறது. மாணவர் எண்ணை மட்டும் வைத்துத் தேடி இணைத்தேன். ஆனால் 32,593 வரிகளுக்குப் பின்னால் இருக்கும் ஆட்கள் 28,785 பேர்தான். சிலர் இரண்டு பாடம் எடுத்திருக்கிறார்கள், சிலர் திரும்பச் சேர்ந்திருக்கிறார்கள். விலுக்அப் முதலில் கிடைக்கும் வரியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும், பிழை என்று எதுவும் காட்டாது. இரண்டு வார வேலையைத் திரும்பச் செய்தேன். இப்போது பாடம், பருவம், மாணவர் எண் மூன்றையும் ஒட்டி ஒரே சாவியாக்கிய பிறகுதான் எதையும் இணைக்கிறேன்.

இன்னொன்று, தேதித் தொல்லை. வசிக்கும் இடம் எவ்வளவு பின்தங்கியது என்று சொல்லும் நெடுவரிசையில் மற்ற பிரிவுகளுக்கெல்லாம் சதவீதக் குறி உண்டு. 10-20 என்ற பிரிவுக்கு மட்டும் இல்லை. கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் எக்செல் அதை அக்டோபர் மாதத் தேதியாக்கிவிடும். கால்க் திறக்கும்போதே நெடுவரிசையின் வகையைக் கேட்கும், 'டெக்ஸ்ட்' என்று கொடுத்தால் போதும். இதற்காகவே சிஎஸ்வியை முதலில் கால்க்கில்தான் திறக்கிறேன்.

எல்லையும் உண்டு. மாணவர்கள் பாடத்தளத்தில் செய்த கிளிக்குகளைப் பதிந்த கோப்பில் 1,06,55,280 வரிகள். எக்செல் தாளில் 10,48,576-க்கு மேல் இடமில்லை. எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் குவரி என்ற கருவியில் வாரவாரியாகத் தொகுத்துக் கொண்டுவரலாம். என் 8 ஜிபி லேப்டாப்பில் அதுவே திணறியது. அந்த ஒரு கோப்புக்காக இப்போது ஆர் என்ற புரோகிராம் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

சரி, எண்களைப் படிக்கும் விதம் மாறியதா? மாறியது. ஹார்வர்டும் எம்ஐடியும் 2012-13-ல் நடத்திய 17 இலவசப் பாடங்களில் 8,41,687 பதிவுகள், 43,196 சான்றிதழ்கள். ஐந்து சதவீதம்தானா என்று சோர்ந்துபோனேன். அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது: 2,92,852 பதிவுகளில் பாடத்தை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. அவற்றைக் கழித்தால் கிட்டத்தட்ட எட்டு சதவீதம். இரண்டும் சரியான கணக்குதான். அதனால் என் ஒவ்வொரு கோப்பிலும் முதல் செல்லில், எந்த எண்ணால் வகுத்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.