மூன்று வருடம் பாவித்த தீம்: புள்ளி இல்லாத யாழ்ப்பாணம்

கொக்குவிலில் விருந்தினர் விடுதி தொடங்கப்போகும் நண்பன் நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சான், உன்ர வெப்சைட்டுக்குப் போட்ட தீம் இப்ப பாதி விலையாம். வாங்கட்டோ?" ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

தீம் என்றால் வெப்சைட்டின் தோற்றத்துக்கு ஆயத்தமாக விற்கிற வடிவமைப்பு. நல்லூரில் எங்கள் விடுதியின் தளத்தை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்து, இந்தத் தீமைப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. நல்லதை முதலில் சொல்லவேண்டும். தளம் ஒரு நாளும் விழுந்ததில்லை. முன்பதிவுப் படிவம் ஒழுங்காக வேலை செய்கிறது. தீம் செய்தவர்களுக்குக் கேள்வி அனுப்பினால் ஒரு நாளுக்குள் பதில் வரும். ஆங்கிலப் பக்கம் உண்மையிலேயே நல்ல வடிவு.

தமிழ்ப் பக்கத்தில்தான் வயிற்றெரிச்சல். முகப்பில் பெரிய தலைப்பு கீழிருந்து எழும்பி வருகிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். அதற்காக வரியின் உயரத்தை எழுத்தளவுக்கே இறுக்கி, மிஞ்சுவதை வெட்டிவிடுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கு அந்த இடம் போதும். தமிழுக்கு மேலே புள்ளியும் மேல்விலங்கும் நிற்கவேண்டும், கீழே கீழ்விலங்கு இறங்கவேண்டும். நான் "யாழ்ப்பாணம்" என்று எழுதினேன், போனில் வந்தது "யாழபபாணம". "நல்வரவு" என்பது "நலவரவு" ஆனது.

தளம் செய்துதந்த பெடியன் தீமின் கோப்புக்குள்ளேயே திருத்திவிட்டான். அப்டேட் வந்ததும் திருத்தம் போய்விட்டது. மறுபடி திருத்தினான், மறுபடி போனது. இப்படி மூன்று தரம். இரண்டாம் தரம் நடந்தது நல்லூர்த் திருவிழா நேரம். 25 நாள் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து சனம் அறை தேடுகிற காலம் அது. ரொறன்ரோவிலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் அழைத்தார். "தம்பி, ஊர்ப் பேரையே பிழையாய் எழுதி வைச்சிருக்கிறீர். அறையை எப்பிடி நம்பி எடுக்கிறது?" என்றார். எடுக்கவில்லை.

ஒரு பக்கம் வடிவா இல்லையா என்பதைப் பார்க்கிறவர்கள் 50 மில்லிசெக்கனிலேயே தீர்மானிக்கிறார்கள் என்று கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள். அது தோற்றத்துக்குச் சரி. தமிழ் வாசிக்கிறவருக்கு அடுத்த செக்கனும் இருக்கிறது, கண் எழுத்தில் விழுகிற செக்கன். எனக்கு ஆள் போனது அங்கேதான்.

போன கிழமை நானே இருந்து சரி செய்தேன். வேர்ட்பிரஸ்ஸில் கூடுதல் சிஎஸ்எஸ் என்று, தோற்றத்தை மாற்றுகிற கட்டளைகளை எழுதத் தனியாக ஓர் இடம் இருக்கிறது. தீம் அப்டேட் அதைத் தொடாது. அதில் தலைப்பின் வரி உயரத்தை எழுத்தளவின் 1.5 மடங்கு ஆக்கி, வெட்டுவதையும் நிறுத்தினேன். அப்புறம், ஒவ்வொன்றும் 4 எம்பி கனத்தோடு மாறி மாறி ஓடின ஐந்து படங்களையும் எடுத்துவிட்டு, முற்றத்துக் கிணற்றுப் படம் ஒன்றை மட்டும் 200 கேபிக்குச் சுருக்கிப் போட்டேன். திரையில் தெரிகிற பெரிய படம் 2.5 செக்கனுக்குள் வரவேண்டும் என்பது கூகுளின் கணக்கு. பருத்தித்துறை வீதியில் நின்று போன் டேட்டாவில் திறந்து பார்த்தேன், அதற்குள் வந்துவிட்டது. தலைப்பில் மூன்று புள்ளியும் இருந்தன. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. மூன்று வருடம் என் ஊர்ப் பேரை வெட்டின தீமை இன்னொருவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. வேறு எதை வாங்குவதென்றாலும், விற்கிறவருக்கு "யாழ்ப்பாணம்" என்ற சொல்லை அனுப்பு. தலைப்பில் போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல். மூன்று புள்ளியும் முழுசாகத் தெரிந்தால் காசைக் கட்டு.