கொர்பு மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று வெள்ளி (ரிங்கிட்) கேட்பவரிடம் எச்சரிக்கை

சுங்கை சிப்புட், ஈப்போ பக்கத்து நண்பர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். மலையேறும் ஆசையுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள். போன மாதம் நானும் என் மாமா மகனும் கொர்பு மலையில் ஓர் இரவைக் கழித்தோம். மச்சானை அங்கேயே இழந்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கொர்பு 2,183 மீட்டர் உயரம். தீபகற்ப மலேசியாவில் தாஹான் மலைக்கு (2,187 மீட்டர்) அடுத்து உயரமானது இதுதான். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் போய் நின்றால் பால்மரங்களுக்கு மேலே கிழக்கு மலைத்தொடர் நீலமாகத் தெரியும். ஒருநாள் அங்கே ஏறிப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தோம். இப்போது எனக்கு 38, மச்சானுக்கு 41. இந்த வருடம் எப்படியும் போய்விடுவது என்று முடிவு செய்தோம்.

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. இரண்டு நாள், ஓர் இரவு, ஆளுக்கு 280 வெள்ளி. பெர்மிட், வழிகாட்டி, கூடாரம், சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து. போன் செய்தேன். "கவலைப்படாதீங்கண்ணே, நம்மாளுங்க மட்டுந்தான் வர்றாங்க" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் 560 வெள்ளி அனுப்பினேன். வங்கிக் கணக்கு வேறு ஒருவர் பெயரில் இருந்தது. "வீட்டுக்காரங்க கணக்குண்ணே" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காட்டிலாகா பெர்மிட்டுக்கு ஏறுகிறவர்களின் பெயரும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும் வேண்டும். கடைசிவரை அந்த ஆள் எங்கள் ஐ.சி. எண்ணைக் கேட்கவே இல்லை. பெர்மிட் எடுக்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

விடியற்காலை 5 மணிக்குத் தஞ்சோங் ரம்புத்தானில் கூடினோம். ஏற வந்தவர்கள் மொத்தம் 12 பேர். முன்னால் அவர் வருவார், கடைசியில் இன்னொரு வழிகாட்டி வருவார் என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது ஆள் வரவில்லை. "காய்ச்சலாம், பரவால்ல" என்றார். பொழுது விடிவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று அவசரப்படுத்தினார். யார் கண்ணிலும் படாமல் நுழையத்தான் அந்த அவசரம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முதல் பாதி நன்றாகவே போனது. நானும் மச்சானும் போட்டிருந்தது கம்போங் அடிடாஸ், அதாவது கறுப்பு ரப்பர் சப்பாத்து. என் அப்பா பால் வெட்டப் போனபோது போட்டது அதே சப்பாத்துதான். இன்று மலையேறுகிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். அடியில் முள் முள்ளாக இருப்பதால் களிமண்ணிலும் பிடித்து நிற்கும், தண்ணீர் புகுந்தாலும் சீக்கிரம் வடிந்துவிடும். ஆற்றைக் கடக்கும்போது விலை உயர்ந்த காலணி போட்டவர்கள்தான் தடுமாறினார்கள்.

மதியத்துக்குமேல் மச்சானின் முழங்கால் மக்கர் செய்தது. பள்ளிக் காலத்தில் பந்து விளையாடி அடிபட்ட கால் அது. நாங்கள் பின்தங்கினோம். நாலரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போனவர்களின் சத்தம் நின்றுபோனது. வேர்களைப் பிடித்துக் கைகளால் ஏற வேண்டிய இடத்தில், மச்சான் ஒவ்வொரு அடிக்கும் காலைக் கையால் தூக்கி வைத்தார். கூடாரம் போட்ட முகட்டை அடைந்தபோது இரவு 9 மணி. எங்களைத் தேடி ஒருவரும் இறங்கி வரவில்லை.

எங்களுக்கென்று இருந்த கூடாரத்தில் ஒரு கம்பி குறைவு, மேல்விரிப்பு இல்லை. தூங்கும் பை ஏற்கெனவே நனைந்திருந்தது. சாப்பாடு என்று ஆறிப்போன மீ (நூடுல்ஸ்) ஆளுக்கு ஒரு கப். மச்சானுக்கு உடம்பு சரியில்லை என்று அந்த ஆளிடம் சொன்னேன். "படுத்து எழுந்தா சரியாயிடும்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் கூடாரத்தின் ஜிப்பை இழுத்துக்கொண்டார்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். ஈப்போவில் இரவு 24 என்றால் அந்த உயரத்தில் 12, 13தான் இருக்கும். அதோடு ஈரமும் காற்றும். மச்சானின் பற்கள் அடித்துக்கொண்டன. சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல்கள் மடங்கவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நள்ளிரவுக்குமேல் நடுக்கம் நின்றது. நல்லதாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் வார்த்தை குழறியது. "மச்சான், நீ போ. எனக்குத் தூக்கம் வருது." உடம்பு சூட்டை இழந்து தோற்றுப்போகும்போதுதான் நடுக்கம் அப்படி நிற்கும் என்று பின்னால் மருத்துவர் சொன்னார். பையில் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்த ஒரே காய்ந்த சட்டையை அவருக்கு மாட்டிவிட்டு, குப்பைப் பை இரண்டைக் கிழித்து எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு, நெஞ்சோடு நெஞ்சாக அணைத்துப் படுத்தேன். ஊர்க் கதை, தோட்டத்துக் கதை என்று தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரமோ என்னவோ, மறுபடியும் பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன்.

விடிவதற்கு முன்பே அந்த ஆள் மற்ற பத்துப் பேரையும் உச்சிக்குக் கூட்டிப்போனார். "இங்கேயே இருங்க, இறங்கும்போது கூட்டிப்போறேன்" என்றார். 11 மணிக்கு எங்களைத் தாண்டித்தான் இறங்கினார்கள். "முன்னால போய்க் கஞ்சி காய்ச்சறோம், மெதுவா வாங்க" என்றார். கீழே போனதும் நாங்கள் வேறொரு குழுவோடு முன்பே இறங்கிவிட்டதாகச் சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இதைக் கூட வந்த ஒருவர் பிறகு எனக்குப் போனில் சொன்னார்.

எங்களைக் காப்பாற்றியது இன்னொரு குழு. அவர்களின் வழிகாட்டி ஒரு மலாய்க்காரர், காட்டிலாகாவின் மலை வழிகாட்டி அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் அடுப்பைப் பற்றவைத்துச் சீனி தூக்கலாக மைலோ கலக்கிக் கொடுத்தார். பிறகு யார் பெர்மிட்டில் வந்தீர்கள் என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் பெயர்ப் பட்டியலை எடுத்து, அதன் அடியில் எங்கள் இருவர் பெயரையும் பேனாவால் எழுதினார். ஆற்றங்கரையில் ஒருமுறை, காட்டு ஓரத்தில் ஒருமுறை நின்று பெயர் கூப்பிட்டார். தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, மண்டோர் (மேற்பார்வையாளர்) அப்படித்தான் பெயர் கூப்பிடுவார் என்று அப்பா சொல்வார். ஓர் ஆள் குறைந்தாலும் விசாரிப்பார்களாம். அந்தப் பேனா எழுத்துக்கு முன்பு, நாங்கள் அந்த மலையில் இருக்கிறோம் என்பதற்கு எந்தத் தாளிலும் சாட்சி இல்லை. நாங்கள் இறங்கவில்லை என்றாலும் காட்டிலாகாவுக்கோ தீயணைப்பு மீட்புப் படைக்கோ தெரிந்திருக்காது.

இரவு 10 மணிக்குக் கீழே வந்தோம். மறுநாள் அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "உங்களுக்கு நடக்கத் தெரியலன்னா நான் என்ன செய்ய" என்று சொல்லி எண்ணை முடக்கிவிட்டார்.

ஏமாந்தவர்கள் ஏன் வெளியே சொல்வதில்லை என்பதும் அப்போது புரிந்தது. பெர்மிட் இல்லாமல் காப்புக் காட்டுக்குள் நுழைந்தால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அந்தச் சட்டம் நம்மையும் பிடிக்கும். அந்தப் பயத்தில்தான் இவர் பிழைக்கிறார். நானும் மச்சானும் அது தெரிந்தே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம், காட்டிலாகாவிலும் நடந்ததைச் சொன்னோம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமலே 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு போன் எண்ணும் இன்னொருவரின் வங்கிக் கணக்கும்தான். அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே அதன் மேல் புகார்கள் இருந்தன. வெள்ளி அனுப்பும் முன்பு அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பெர்மிட்டில் உங்கள் பெயர் இருப்பதைக் கண்ணால் பார்க்காமலும், வழிகாட்டியின் அட்டையைப் பார்க்காமலும் தயவுசெய்து காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.

மச்சானின் காலுக்கு இன்னும் வைத்தியம் நடக்கிறது. நேற்று அவர்தான் எனக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பினார். புது எண், புதுப் பெயர், இந்த முறை யோங் பெலார் மலை, ஆளுக்கு 300 வெள்ளி. அதில் இருக்கும் படம் நாங்கள் போன அன்று ஆற்றங்கரையில் எடுத்தது. இடது ஓரத்தில் மச்சானின் சிவப்புப் பை பாதி தெரிகிறது. அந்தப் படம் உங்களுக்கு வந்தால் வெள்ளி அனுப்பாதீர்கள்.