உவர்மலை நேர்முகப் பரீட்சை வகுப்பு: இரண்டாம் நாளுக்காகப் போகலாம்

கிண்ணியாவிலிருந்து இரண்டு சனிக்கிழமைகள் பாலம் தாண்டி பஸ்ஸில் போய் வந்தேன். வகுப்பு திருகோணமலை உவர்மலையில், ஒரு வீட்டின் மேல்மாடியில். கட்டணம் 3,500 ரூபாய். நடத்துகிற சேர் ஹோட்டல்களுக்கு ஆளெடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் முழுக்க சுயவிபரக் கோவைதான். ஒன்பது மணி என்றார்கள், தொடங்கும்போது ஒன்பதே முக்கால். அவர் தந்த மாதிரிப் படிவம் கொம்யூனிகேஷன் கடையில் டைப் அடித்துத் தருவதைப் போலவே இருந்தது. ஆனால் என் தாளை வாங்கி தகப்பன் பெயர், சமயம், உயரம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மாமாவின் மருந்துக்கடையில் இரண்டு வருடம் நின்றதை மேலே எழுதச் சொன்னார். சொந்தக்காரரின் கடையில் நின்றதெல்லாம் ஒரு வேலையா என்று நான் அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

இரண்டாம் நாள்தான் விஷயம். ஒவ்வொருவரையும் மேசைக்கு முன் இருத்திக் கேள்வி கேட்டு, போனில் வீடியோ எடுத்தார். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், கூடப்பிறந்தவர்கள் என்று ஒப்புவித்தேன். போன மாதம் நிலாவெளி ரோட்டில் ஒரு ஹோட்டலில் இதையே சொல்லப்போய், பாதியில் "சரி, போதும்" என்று நிறுத்திவிட்டார்கள். வீடியோவைப் பார்த்தால் பதிலை விட என் கைதான் கண்ணில் பட்டது. ஷோல் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன்.

"தங்கச்சி, இப்ப என்ன செய்றீங்க, முதல் என்ன செய்தீங்க, ஏன் இந்த வேலை. ஒன்றரை நிமிஷம் போதும்."

அப்புறம், கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்றார். பொறுமையாகக் கதைப்பேன் என்றேன். எல்லோரும் சொல்வதுதான், நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். மருந்து மாறிவிட்டது என்று ஒருவர் கடையில் சத்தம் போட்டதும், டாக்டர் எழுதிய துண்டையும் மருந்துப் பெட்டியையும் பக்கத்தில் வைத்து, கம்பனிதான் வேறு, மருந்து ஒன்றே என்று நான் காட்டியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. "இதை ஏன் ஒளிச்சு வைச்சனீங்கள்?" என்று சிரித்தார்.

சிங்களத்தில் ஒரு கேள்விகூடப் பழக்கவில்லை. இங்கே ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய குறை. இரண்டாம் நாளுக்கு மட்டும் காசு கட்டலாமா என்று கேட்டுப் பார்த்தேன், முடியாதாம். முதல் நாள் பிந்தினாலும் பரவாயில்லை, இரண்டாம் நாள் நேரத்துக்குப் போய் முன்வரிசையில் இருங்கள். இருக்கிற ஒரே மின்விசிறி அங்கேதான்.