“பழைய கேபிளே போதும்” என்றார்கள், இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் கருகிவிட்டன

நேற்று இரவு முழுவதும் தூக்கமில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கணினிக்கு வேறு பவர் சப்ளை (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பாகம்) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது அரை மாதச் சம்பளம்.

ஒரு மாதமாகவே என் மேசைக் கணினி திடீர் திடீரென்று அணைந்துகொண்டிருந்தது. பவர் சப்ளையின் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் ஒன்றின் தலை உப்பியிருந்தது, அது கெட்டுப்போனதன் அடையாளம். மாற்றியே ஆக வேண்டும். பழைய பொருள்களைச் செப்பனிட்டு விற்கும் ஓர் இணையத் தளத்தில் 750 வாட் மாடுலர் பவர் சப்ளை ஒன்று கிடைத்தது. மாடுலர் என்றால் தேவையான கேபிளை மட்டும் செருகிக்கொள்ளலாம். விற்பவரைப் பற்றி நல்ல கருத்துகளே இருந்தன.

பெட்டி வந்தது. மதர்போர்டுக்கான 24 பின் (இணைப்பு ஊசி) கேபிள் இருந்தது, ப்ராசஸருக்கான 8 பின் கேபிளும் இருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா கேபிள் மட்டும் இல்லை. விற்றவரிடம் கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: “உங்கள் பழைய பவர் சப்ளையும் மாடுலர்தானே சார்? அந்தக் கேபிளே போதும். எல்லாம் ஒரே மாதிரிதான். தைரியமாகப் போடுங்கள்.”

தைரியமாகப் போட்டேன். அவ்வளவு விரைவாக, அவ்வளவு மரியாதையாகப் பதில் சொல்கிறவரை எதற்காகச் சந்தேகிக்க வேண்டும்? பழைய கேபிளின் 6 பின் முனை டக்கென்று உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது சரியான கேபிளாகத்தானே இருக்க வேண்டும் என்று நம்பி சுவிட்சைத் தட்டினேன். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. கருகிய வாடை மூக்கில் ஏறியது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். டிஸ்க்கில் செருகும் முனைக்குத்தான் பொதுவான தரநிலை உண்டு. பவர் சப்ளையில் செருகும் முனைக்கு அப்படி எதுவும் கிடையாது. எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறலாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளை மட்டும் தனியாக ஓடுவதற்காக 24 பின் முனையின் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்து, அதே பழைய கேபிளின் சாட்டா முனையில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் வர வேண்டும். மீட்டர் 12.1 காட்டியது.

இரண்டு டிஸ்க்கும் அதே கேபிளில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் என் ஆறு ஆண்டு மொழிபெயர்ப்புக் கோப்புகள், மற்றதில் அவற்றின் நகல். தகவல் மீட்பவரிடம் காட்டினேன். உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டுகள் பிழைத்திருக்கலாம், ஆனால் சர்க்யூட் போர்டை மாற்றி, பழைய போர்டின் சிப்பைப் புதியதில் பொருத்த வேண்டும் என்கிறார். அந்தச் செலவு தனி. பவர் சப்ளையும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே அரை மாதச் சம்பளம் ஆகிவிட்டது.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில்: “உங்கள் வீட்டில் மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும்.” அவரே எழுதியதைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டாவது பதில்: “வேறு கேபிளைப் பயன்படுத்தியதால் உத்தரவாதம் செல்லாது.” போடச் சொன்னதே அவர்தான்! தளத்திடம் போனால் விற்பவரிடம் பேசச் சொல்கிறார்கள், விற்பவர் தளத்தில் புகார் கொடுக்கச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் வேறொருவர் வருகிறார், முதலிலிருந்து சொல்ல வைக்கிறார். கடைசியாக வந்தவர், “பவர் சப்ளை ஓடுகிறதே, அதில் குறை இல்லையே” என்று கேட்டார். அரை மாதச் சம்பளத்தை இழந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

புகாருக்காகப் புகைப்படம் எடுக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெட்டியில் கொட்டை எழுத்தில் 750 வாட். பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலோ, பொடி எழுத்தில், 12 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 360 வாட்தான். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஸ்டிக்கரின் படத்தை முன்பே கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பெட்டியே என் வீட்டுக்கு வந்திருக்காது.

எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கேபிள்களைப் பழைய பவர் சப்ளையோடு கட்டி ஒதுக்கிவிடுங்கள், புதியதில் ஒன்றைக்கூடச் செருகாதீர்கள். கேபிள் குறைந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். 12 வோல்ட் ஆம்பியரைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். முதல்முறை சுவிட்சைப் போடும்போது டிஸ்க்குகளைக் கழற்றி வையுங்கள், நகல் இருக்கும் டிஸ்க்கை அந்தக் கணினிக்குள் வைக்கவே வேண்டாம்.

புகார் கொடுக்க நாளை வரைதான் அவகாசம். மீட்டர் 12.1 காட்டும் படத்தையும் “தைரியமாகப் போடுங்கள்” என்ற பதிலையும் சேர்த்து இன்றே மறுபடி அனுப்புகிறேன்.