ஜூலு ஊர்களுக்கு ஊழியப் பயணம்: பதினான்கு நாளா, மூன்று மாதமா?

ஜூலு ஊர்களுக்கு ஊழியத்துக்குப் போனால் பதினான்கு நாள் குழுவோடு போவதா, மூன்று மாதம் தங்குவதா என்று வருஷம் தவறாமல் சபையில் யாராவது இரண்டு பேர் கேட்டுவிடுகிறார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன். ஜூலு மக்கள் வாழ்கிற தென்னாப்பிரிக்காவின் குவாஜுலு-நட்டால் மாகாணத்துக்கு நான் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். 2016 ஜூலையில் பதினோரு பேர் குழுவோடு பதினான்கு நாள். அப்புறம் 2019-இல் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தனியாக, அதே ஊரில், போதகர் வீட்டில் தங்கி. என் ஓட்டு மூன்று மாதத்துக்குத்தான், அதை மறைக்கப் போவதில்லை.

செலவைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. விமான டிக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதான். குழுவாகப் போனால் வேன், விடுதி, கடைசி இரண்டு நாள் காண்டாமிருகம் பார்க்க ஹ்லுஹ்லுவே காடு என்று காசு கரையும். வீட்டில் தங்கினால் வீட்டுச் செலவில் நம் பங்கைக் கொடுத்தால் போதும். விசா இரண்டுக்கும் வேண்டும். சுற்றுலா என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய் ஊழியம் செய்யாதீர்கள், தன்னார்வப் பணி என்றே சொல்லி, அழைக்கிற சபையின் கடிதத்தோடு விண்ணப்பியுங்கள். இன்னொன்று, அங்கே குழந்தைகளோடு வேலை செய்ய வருகிறவர்களின் பெயர் தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் தகுதியற்றவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது சட்டப்படி கட்டாயம். அந்தப் பேச்சையே எடுக்காமல் 'வாங்க வாங்க' என்று கூப்பிடுகிற அமைப்பு என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

சாப்பாட்டுக்கு நம் ஆட்கள் பயப்படத் தேவையே இல்லை. சோள மாவில் உதிரி உதிரியாகக் கிண்டுகிற 'புத்து', பெயரிலும் உருவத்திலும் நம் புட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும், அதன்மேல் 'அமாசி' என்கிற புளித்த பாலை ஊற்றிக்கொள்வார்கள். 'அமாடும்பே' என்றால் சேப்பங்கிழங்கு. மொழிதான் சிரமம். பலரைச் சேர்த்தும் பெரியவர்களை மரியாதையாகவும் வாழ்த்துகிற சொல் 'சனிபோனானி', முதல் தடவை எங்கள் குழுவே சிரித்துவிட்டது. முட்டைக்கு 'இகாண்டா' என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்தக் 'கா'வை நாக்கை அண்ணத்தில் ஒட்டி டொக்கென்று எடுத்தால்தான் முட்டை கிடைக்கும். பதினான்கு நாளில் வணக்கமும் நன்றியும் வரும். மூன்றாவது மாதத்தில் என்னைக் கேலி செய்வது எனக்கே புரிந்தது, அது பெரிய முன்னேற்றம்.

சுவிசேஷம் கேட்காத மக்கள் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரைக்கு 1834-இல் மிஷனரிகளை அனுப்பிய அதே அமெரிக்கன் போர்டு என்கிற மிஷன் சங்கத்தின் ஆட்கள்தான் அடுத்த வருஷம் ஜூலு ஊழியத்துக்கும் தென்னாப்பிரிக்காவில் வந்து இறங்கினார்கள். முழு பைபிள் ஜூலுவில் 1883-இலேயே வந்துவிட்டது. வியாழக்கிழமையானால் மெதடிஸ்ட் பெண்கள் சிவப்பு மேல்சட்டையும் வெள்ளைக் காலரும் போட்டு ஜெபக் கூட்டத்துக்கு நடந்து போவார்கள், சனிக்கிழமை ஷெம்பே சபையார் (ஷெம்பே என்கிற ஜூலு தீர்க்கதரிசி தொடங்கிய சபை) வெள்ளை அங்கியில் திறந்த வெளியில் ஆராதிப்பார்கள். 2016-இல் இவர்கள் முன்னால் நாங்கள் 'இயேசு யார்' என்று நாடகம் போட்டோம். பொறுமையாகக் கை தட்டினார்கள்.

சரி, என் முடிவை மாற்றிய விஷயத்துக்கு வருகிறேன்: நாம் கிளம்பிய பிறகு அந்த வேலை யார் கையில் இருக்கிறது? முதல் பயணத்தில் ஊர்ப் பாலர் பள்ளிக்கு வெள்ளையடித்து, கூரையில் தகரக் கால்வாய் பொருத்தி, மழைநீர் பிடிக்க ஒரு ஜோஜோ டேங்க் வைத்தோம் (நாம் சின்டெக்ஸ் என்று சொல்வதுபோல அங்கே எல்லாமே ஜோஜோ). போட்டோ எடுத்தோம், அழுதோம், வந்துவிட்டோம். மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் கால்வாய் காற்றில் கழன்று தொங்குகிறது, டேங்க் காய்ந்து கிடக்கிறது. யாரும் சரி செய்யவில்லையா என்று போதகரிடம் கேட்டேன். "அது உங்கள் டேங்க் ஆயிற்றே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நாங்கள் ஏணியில் ஏறி நின்றபோது கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கொத்தனார், வேலை இல்லாமல் இருந்தவர். அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை, 'ஹ்லோனிபா' என்கிற மரியாதைப் பழக்கத்தில் விருந்தாளி கொடுப்பதை மறுப்பது அழகில்லை.

இரண்டாம் தடவை முதல் மூன்று வாரம் நான் எதையும் செய்யவில்லை, செய்யத் தெரியவும் இல்லை. அந்தப் பாலர் பள்ளியை நடத்துகிற கோகோ, நம் ஊர் ஆச்சி மாதிரி, ஒருநாள் "ம்ந்தனாமி" (என் பிள்ளையே) என்று கூப்பிட்டு ஒரு கட்டுக் காகிதத்தை மடியில் வைத்தார். அரசாங்கத்தில் பதிவு செய்தால்தான் பிள்ளைகளுக்கு மானியம் வரும், பதிவுக்கு வருகைப் பதிவேடு, சாப்பாட்டுப் பட்டியல், கணக்கு என்று பத்து விதமான தாள் வேண்டும். சுவரின் நிறத்தைப் பற்றி அவருக்கு ஒரு காலமும் கவலை இருந்ததில்லை! பள்ளிப் படிப்பை முடித்து வீட்டில் இருந்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினோம். நான் கிளம்பும்வரை பதிவு கிடைக்கவில்லை, ஆனால் பாதியில் விட்ட தாள்களை அந்தப் பெண் தொடர்ந்து எழுதினாள். கால்வாயை அதே கொத்தனாரிடம் கூலி பேசிக் கொடுத்தோம். இலை அடைத்தால் இப்போது அவர் பையன் ஏறுகிறான்.

பதினான்கு நாளைக் கேவலமாகச் சொல்லவில்லை. விடுமுறை அவ்வளவுதான் கிடைக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள், கண் சிகிச்சை, பல் மருத்துவம் மாதிரி கைத்தொழில் உள்ளவர்களுக்கு அது தாராளமாகப் போதும் என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். நான் மருத்துவம் படித்தவன் அல்ல, அதற்கு மேல் பேச மாட்டேன். உம்லாசி, குவாமாஷு மாதிரி டர்பன் நகரக் குடியிருப்புகளிலும் நான் தங்கியதில்லை, துகேலா ஆற்றுக்கு வடக்கே கிராமப்பக்கம் மட்டுமே என் அனுபவம். தனியாகப் போகிற பெண்கள் நம்பகமான குடும்பம் உறுதியான பிறகே கிளம்புங்கள்.

ஒரு விஷயத்தில் மூன்று மாதம்தான் ஆபத்து, அது குழந்தைகள் இல்லம். எய்ட்ஸ் பெற்றோரைக் கொண்டுபோன பகுதி அது. பெரும்பாலான பிள்ளைகள் பாட்டிகளிடம் வளர்கிறார்கள், சிலர் இல்லங்களில். வருகிற ஆளோடு ஒட்டிக்கொள்வதும் அவர் போனதும் உடைவதுமாக இந்தப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பற்றித் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 2010-லேயே எழுதியிருக்கிறார்கள். பதினான்கு நாள் ஒட்டுதலைவிட மூன்று மாத ஒட்டுதல் ஆழம், பிரிவும் அப்படித்தான். இரண்டில் எதில் போனாலும் தூக்கிக் கொஞ்சுகிற வேலையை எடுத்துக்கொள்ளாதீர்கள், சமையலறையிலோ கணக்கிலோ உட்காருங்கள்.

ஜூலையில் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே அது குளிர்காலம், உள்நாட்டில் ராத்திரி நடுங்கும். கிட்டாரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நான் இருந்த சபையில் வாத்தியமே இல்லாமல் நாலு குரலில் பாடினார்கள், நான் கொண்டுபோனது மூன்று மாதமும் உறையில்தான் இருந்தது.