திறக்காத ஜிப், ரார் கோப்புகள்: எந்தக் கருவி எதற்குக் கைகொடுக்கும்?

'இந்த ஜிப் செல்லாது' என்று விண்டோஸ் சொன்னதும் பலர் கோப்பையே அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். பத்து வருடப் படங்களை ஒரே ஜிப்பாகக் கட்டி பென்டிரைவில் ஏற்றும்போது, நகல் முடிவதற்குள் நான் அதை உருவிவிட்டேன். சரிபார்க்காமல் கணினியில் இருந்ததையும் அழித்திருந்தேன். விண்டோஸ் கைவிரித்துவிட்டது. அதே கோப்பை செவன்-ஜிப் (7-Zip) என்ற மென்பொருளில் திறந்தேன். கடைசிச் சில படங்களைத் தவிர எல்லாம் திரும்பி வந்தன.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஜிப்பின் அமைப்புதான். 1989ல் ஃபில் கட்ஸ் வடிவமைத்த அந்த முறையில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற மொத்தப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்புளோரர் அந்தப் பட்டியலை நம்பியே திறக்கிறது. வால் அறுந்தால் பட்டியலும் போய்விடும். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கு முன்பும் அதன் பெயரும் விவரமும் தனியாக எழுதப்பட்டிருக்கும். பட்டியல் கிடைக்காவிட்டால் செவன்-ஜிப் முதலிலிருந்து அந்தத் தலைப்புகளைப் பிடித்துக்கொண்டே போகும். அதனால் திறக்காத ஜிப் எது வந்தாலும் நான் முதலில் போவது செவன்-ஜிப்புக்குத்தான். அது இலவசம் என்பது இன்னொரு வசதி.

நல்ல நிலையில் உள்ள ஜிப்புக்கு எக்ஸ்புளோரரே போதும். 2023 முதல் விண்டோஸ் 11ல், ஜிப்பைப் போன்ற மற்ற சுருக்க வடிவங்களான ரார், செவன்-இசட் (7z) கோப்புகளையும் அதிலேயே திறக்கலாம். ஆனால் ஏஇஎஸ் (AES) என்ற மறையாக்க முறையில் கடவுச்சொல் போட்ட ஜிப் என்றால் அது பெரும்பாலும் தடுமாறும். அப்போது கெட்டுப்போனதாகத் தோன்றும் கோப்பு உண்மையில் நன்றாகவே இருக்கும், கருவிக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

மேக்கிலும் லினக்ஸிலும் கிடைக்கும் ஜிப் கட்டளைக்கும் பழுதுபார்க்கத் தெரியும். கட்டளையோடு ஒற்றை எஃப் (-F) போட்டால், அது பலிக்கப் பட்டியல் ஓரளவு மிஞ்சியிருக்க வேண்டும். இரட்டை எஃப் (-FF) போட்டால் கோப்பை முழுதாகத் துழாவிப் புதிதாகப் பட்டியல் போடும். வேலை ஏறக்குறைய செவன்-ஜிப் செய்வதுதான், ஆனால் இங்கே சரிசெய்த ஜிப் தனிக் கோப்பாகக் கிடைக்கும்.

ரார் கோப்பு என்றால் கதை வேறு. அங்கே ராருக்கென்றே உள்ள வின்ரார் மென்பொருளை மிஞ்ச ஆளில்லை. ரார் கட்டும்போதே 'ரெக்கவரி ரெக்கார்ட்' என்ற உபரித் தகவலைச் சேர்த்திருந்தால், சிதைந்த பகுதியை அதைக் கொண்டு கணக்கிட்டு உண்மையிலேயே மீட்கும். ஜிப்பில் இந்த வசதி கிடையாது. செவன்-ஜிப்பால் ராரைப் பிரிக்க முடியும், பழுதுபார்க்க முடியாது. அந்தத் தகவல் இல்லாத ராரில் வின்ராரின் 'ரிப்பேர்' பொத்தானிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பிரிக்கும்போது 'உடைந்த கோப்புகளையும் வைத்திரு' என்ற தெரிவைப் போட்டால் பாதி வீடியோவாவது மிஞ்சும். அப்புறம், 2013ல் வந்த ரார் 5 வடிவத்தை அதற்கு முந்தைய வின்ரார் பதிப்புகளால் திறக்கவே முடியாது. பல பகுதிகளாக வந்த ரார் என்றால் எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும், முதல் பகுதியிலிருந்து பிரிக்க வேண்டும்.

மூலக் கோப்பு இணையத்திலோ அனுப்பியவரிடமோ இன்னும் இருந்தால் இத்தனை பாடும் தேவையில்லை. மறுபடி இறக்குவதே சிறந்தது. அதற்கு முன் அளவை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல எம்பி இருக்க வேண்டிய கோப்பு சில கேபி மட்டும் இருந்தால், நீங்கள் இறக்கியது பிழைச் செய்தி காட்டும் வலைப்பக்கமாகத்தான் இருக்கும். நோட்பேடில் திறந்தால் தெரிந்துவிடும். சாதாரண ஜிப் என்றால் முதல் இரண்டு எழுத்துகள் பி, கே. அவை ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள். தளத்தில் எஸ்எச்ஏ-256 (SHA-256) எண், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண், கொடுத்திருந்தால், செவன்-ஜிப்பின் வலது-கிளிக் மெனுவிலேயே அதைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். எண் ஒத்துப்போயும் திறக்கவில்லை என்றால் நூறு முறை இறக்கினாலும் பயனில்லை. அப்போது கருவியை மாற்றுங்கள், அல்லது கடவுச்சொல்லைச் சந்தேகியுங்கள். கடவுச்சொல் தவறானாலும் செவன்-ஜிப் சிஆர்சி (CRC) பிழை, அதாவது தகவல் சிதைந்திருக்கிறது, என்றே காட்டுவதுண்டு.

எனக்கு உண்மையில் கவலை தருவது வால் அறுந்த செவன்-இசட்தான். ஜிப்பைப் போலவே அதன் விவரங்களும் கடைசியில்தான், ஆனால் ஒவ்வொரு கோப்புக்கு முன்பும் தனித் தலைப்பு கிடையாது. போதாக்குறைக்கு, பல கோப்புகளைச் சேர்த்து ஒரே கட்டியாகச் சுருக்குவதால் நடுவில் ஓரிடம் கெட்டாலும் அந்தக் கட்டியில் அதற்குப் பின்னால் உள்ளவை சேர்ந்து போகும். அளவு நன்றாகக் குறைகிறது என்பது உண்மைதான். ஆனாலும் மறுபடி கிடைக்காத படங்களை நான் இப்போது ரெக்கவரி ரெக்கார்ட் சேர்த்த ராரில்தான் கட்டுகிறேன். கட்டியதும் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகே மூலத்தைத் தொடுகிறேன்.